வெற்றிடம் வேறு, பூஜ்யம் வேறு



இவ்வாண்டு மலரில் மாணவர்களுக்குப் பயன்படும் கட்டுரை ஒன்றை எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் என்னைக் கேட்டுக்கொண்டனர். நான் சமயச் சொற்பொழிவாளன் அல்லன், புலவனும் அல்லன். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக மழை, ஆறு, காற்று ஆகியவற்றின் எண்களைக் கணினியில் இட்டுக் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவன். எனவே எனக்குத் தெரிந்ததையே எழுதுகிறேன். கோயில் மண்டபத்தில் என்னைச் சந்திக்கும் பெற்றோர் சிலர், "பிள்ளை கணக்கில் கெட்டிக்காரன். மருத்துவம், சட்டம் தவிர வேறு என்ன படிக்கலாம்?" என்று கேட்பதுண்டு. இக்கட்டுரை அவர்களுக்கும் ஒரு விடையாக அமையட்டும்.

தோட்டத்து மழைமானி

நான் பிறந்து வளர்ந்தது பகாங் மாநிலத்தில், ஆற்றோரமாக அமைந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில். என் தந்தையார் அங்கே கிராணியாக இருந்தார். விடியற்காலைப் பெரட்டு முடிந்து, பால் வெட்டுக்கு ஆட்கள் புறப்பட்ட பிறகு, அலுவலகத்தின் முன்புறப் புல்வெளியில் இருந்த செம்பு மழைமானியை அவர் திறந்து பார்ப்பார். உள்ளே சேர்ந்திருக்கும் நீரைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி, கண்மட்டத்திற்கு உயர்த்திப் பிடித்து, அளவைப் பேரேட்டில் குறிப்பார். மழை பெய்தால் மரத்தின் பட்டை நனைந்துவிடும். பால் வெட்ட முடியாது. ஆகவே தோட்டத்திற்கு மழைக்கணக்கு மிகவும் தேவையாக இருந்தது.

பள்ளி விடுமுறை நாள்களில் நானும் உடன் செல்வேன். ஒரு நாள் குவளையில் ஒரு சொட்டுக்கூட இல்லை. "ஒன்றுமில்லையே, எழுத வேண்டாம்தானே அப்பா?" என்றேன். அவர் சிரித்துவிட்டுப் பூஜ்யம் ஒன்றைப் போட்டார். "தம்பி, பார்த்தோம், மழை இல்லை என்றால் பூஜ்யம் போடணும். பார்க்கவே இல்லை என்றால் சும்மா விடணும். இரண்டும் ஒன்றில்லை" என்றார். அந்த வயதில் அதன் பொருள் எனக்கு விளங்கவில்லை. பின்னாளில் அதுவே என் தொழிலின் முதற்பாடம் என்று அறிந்துகொண்டேன்.

தோட்டத் தமிழ்ப்பள்ளியிலும் பின்னர் பட்டணத்து இடைநிலைப்பள்ளியிலும் படித்தேன். தேர்வுக் கட்டணம் கட்ட வழியின்றி இருந்த ஆண்டில், தோட்டத்துக் கோயில் நிதியிலிருந்து பெரியவர்கள் பணம் எடுத்துக் கொடுத்தார்கள். ஆகவே நான் பிறர் உபயத்தில் படித்தவன். பல்கலைக்கழகத்தில் கணிதம் படிக்கச் சென்று, புள்ளியியலில் நின்றேன்.

ஒரு பானை சோறு

புள்ளியியல் என்பது யாது? நம் தாய்மார்களுக்கு அது புதிதன்று. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்து, பானை முழுவதும் வெந்ததா என்று தீர்மானிக்கிறோம். சிறு பகுதியைக் கண்டு முழுமையைப் பற்றி அறிவதே புள்ளியியலின் அடிப்படை.

ஆனால் அடி பிடித்த பானையில் மேலே எடுத்த பருக்கை உண்மையைச் சொல்லாது. ஆறும் காற்றும் கிளறாத பானையைப் போன்றவை. ஆற்றின் நடுவில் மொண்ட நீரும், ஆலைக் கழிவு கலக்கும் கரையோரத்தில் மொண்ட நீரும் வேறு வேறு. காலையில் எடுத்ததும் நள்ளிரவில் எடுத்ததும் வேறு வேறு. எந்த இடத்தில், எந்த நேரத்தில், எத்தனை முறை மொண்டால் ஆற்றைப் பற்றி நேர்மையாகப் பேச முடியும் என்று வகுப்பது சுற்றுச்சூழல் புள்ளியியலாளரின் வேலை. அவ்வாறு சேரும் இலட்சக்கணக்கான எண்களைக் கையால் கூட்டிப் பெருக்க இயலாது; அதற்குக் கணினி வேண்டும். அறிவியல், புள்ளியியல், கணினி ஆகிய மூன்றும் கூடிய தொழில் இது.

சென்னைத் துறைமுகத்தில் ஒரு சந்திப்பு

இத்துறையின் முன்னோடிகளுள் ஒருவர் கில்பர்ட் வாக்கர் என்னும் ஆங்கிலேயர். கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்ற இவர், 1904இல் இந்திய வானிலைத் துறையின் தலைவராக வந்து, 1924 வரை பணியாற்றினார். 1899இல் பருவமழை பொய்த்து இந்தியாவில் கொடும் பஞ்சம் உண்டாயிற்று. அடுத்த பஞ்சம் வருவதை முன்கூட்டியே அறிய முடியுமா என்பதே அவர்முன் இருந்த கேள்வி.

தமிழர்களாகிய நாம் அவரை மற்றொரு காரணத்திற்காகவும் நினைவில் கொள்ள வேண்டும். 1913 பிப்ரவரியில் சென்னைக்கு வந்த வாக்கர், துறைமுகக் கழகத்தில் எழுத்தராக இருந்த ஓர் இளைஞரின் கணக்குக் குறிப்புகளைக் கண்டார். உடனே சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு மடல் எழுதி, அவருக்கு ஆய்வு உதவித்தொகை அளிக்குமாறு பரிந்துரைத்தார். அந்த இளைஞர்தாம் சீனிவாச ராமானுஜன். தக்க நேரத்தில் எழுதப்பட்ட ஒரு பரிந்துரையும், அதனால் கிடைத்த உதவித்தொகையும் எவ்வளவு பெரியவை என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

வாக்கரிடம் இன்றைய கணினி இல்லை. இந்திய எழுத்தர்களே அவருக்குக் கணினியாக இருந்தனர். உலகின் பல பாகங்களிலிருந்து வந்த காற்றழுத்தம், வெப்பம், மழை ஆகியவற்றின் பதிவுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எவை சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று அவர்கள் கணக்கிட்டனர். பருவமழையை உறுதியாக முன்னறியும் வழி அவருக்குக் கிட்டவில்லை. எனினும் வேறொன்று கிட்டியது. பசிபிக் பெருங்கடலின் கிழக்குப் புறத்தில் காற்றழுத்தம் குறையும்போது இந்தோனேசியா, ஆஸ்திரேலியா பக்கம் அது கூடுகிறது. அங்கே கூடினால் இங்கே குறைகிறது. தராசின் இரு தட்டுகளைப் போன்ற இந்த ஆட்டத்திற்குத் தென் அலைவு என்று அவர் பெயரிட்டார். பெரு நாட்டு மீனவர்கள் அறிந்திருந்த எல் நினோ என்னும் கடல் வெப்பமும் இந்தத் தென் அலைவும் ஒரே நிகழ்ச்சியின் இரு முகங்கள் என்பதை 1969இல் யாக்கோப் பியர்க்னஸ் என்னும் அறிஞர் விளக்கினார்.

வாக்கர் விட்டுச்சென்ற எச்சரிக்கை ஒன்றும் உண்டு. நூற்றுக்கணக்கான தொடர்புகளைத் தேடிப் பார்த்தால், அவற்றுள் சில தற்செயலாகவே மிக நெருக்கமாகத் தோன்றும். மிகப் பெரியதை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு மகிழக்கூடாது என்று 1914லேயே அவர் எழுதினார். இன்று ஒரு நொடியில் ஆயிரம் தொடர்புகளைக் கணினி காட்டுகிறது. ஆகவே அந்த எச்சரிக்கை முன்னைவிட இப்போது கூடுதலாகத் தேவைப்படுகிறது.

இந்தியப் புள்ளியியலின் தந்தை எனப் போற்றப்படும் பிரசாந்த சந்திர மகலநோபிஸ் அவர்களும் வெள்ளத்தைப் பற்றி ஆராய்ந்தவரே. 1926இல் ஒரிசாவில் பிராமணி ஆற்றில் பெருவெள்ளம் வந்தபோது, ஆற்றின் படுகை உயர்ந்துவிட்டது, ஆகவே கரைகளை உயர்த்த வேண்டும் என்று பொறியாளர்கள் கருதினர். மகலநோபிஸ் ஏறத்தாழ அறுபது ஆண்டுப் பதிவுகளை ஆராய்ந்து, படுகை உயரவில்லை என்றும், வெள்ளத்திற்குக் காரணம் மேற்பகுதியில் பெய்த பெருமழையே என்றும் காட்டினார். அறுபது ஆண்டுகள் யாரோ சிலர் நாள்தோறும் எழுதி வைத்திராவிட்டால், அந்த அறிஞராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது.

நான் செய்த பிழை

இனி என் கதைக்கு வருகிறேன். இதைச் சொல்லச் சற்று வெட்கமாக இருந்தாலும், மாணவர்களுக்குப் பயன்படும் என்பதால் மறைக்காமல் எழுதுகிறேன்.

1984இல் ஓர் அலுவலகத்தில் பயிற்சி நிலையில் வேலைக்குச் சேர்ந்தேன். தாழ்வான பகுதியொன்றில் குடியிருப்பு அமைக்கவிருந்தனர். அதற்கு எவ்வளவு பெரிய வடிகால் வேண்டும் என்று கணக்கிட, சுற்றுவட்டார மழைப் பதிவுகளைத் தொகுக்கும் பணி எனக்கு வந்தது. முறை எளியதுதான். ஒவ்வோர் ஆண்டிலும் ஒரே நாளில் பெய்த மிகப் பெரிய மழையை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த உச்ச அளவுகளை ஒரு வளைகோட்டில் பொருத்தி, இதுவரை காணாத பெருமழை எவ்வளவு இருக்கக்கூடும் என்று மதிப்பிட வேண்டும். எமில் கும்பெல் என்னும் அறிஞர் வளர்த்த முறை அது. 1958இல் அவர் எழுதிய நூல் இத்துறையில் புகழ்பெற்றது.

பழைய படிவங்களைக் கணினியில் ஏற்றி, ஃபோர்ட்ரான் மொழியில் நிரல் எழுதினேன். விடைகள் அழகாக வந்தன. அறிக்கையும் மேலிடத்திற்குப் போயிற்று. அந்தத் தீபாவளிக்கு ஊருக்குச் சென்றபோது, கணினித் தாளைத் தந்தையாரிடம் பெருமையாகக் காட்டினேன். எங்கள் தோட்டத்து மழைமானியும் அந்தப் பட்டியலில் இருந்ததே அப்பெருமைக்குக் காரணம். அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலால் ஆண்டுகளைத் தொட்டுக்கொண்டே வந்தார். 1971இல் விரல் நின்றது.

"தம்பி, எழுபத்தொண்ணுல இவ்வளவுதானா?"

"கணினி அப்படித்தான் சொல்கிறது அப்பா."

"அந்த ஜனவரி வெள்ளத்துல லயத்துக் கூரை மேல உட்கார்ந்திருந்தோமே, மறந்துட்டியா? மழைமானியே தண்ணிக்குள்ள கிடந்துச்சு. மூணு நாள் நான் எழுதவே இல்லையே."

எனக்கு உடல் சில்லிட்டது. 1971 ஜனவரி வெள்ளத்தை யார் மறப்பார்? கோலாலம்பூரே மூழ்கிற்று, நாடெங்கும் பலர் உயிரிழந்தனர். எனக்கு அப்போது வயது பத்து. அப்பாவின் தோளில் அமர்ந்து பழுப்பு நீரைக் கடந்தவன் நான். அதே நான் எழுதிய நிரல், அந்த மூன்று நாளும் மழையே இல்லை என்று சொல்லியிருந்தது.

காரணம் இதுதான். அப்பா அந்தக் கட்டங்களை வெற்றிடமாக விட்டிருந்தார். ஃபோர்ட்ரான் மொழியோ, எண் இருக்க வேண்டிய கட்டம் முழுவதும் வெறுமையாக இருந்தால் அதைப் பூஜ்யம் என்றே படிக்கும். இது அந்த மொழியின் விதி, கணினியின் குற்றமன்று. விதியை அறிந்திருந்தும் அதைத் தடுக்க ஒரு வரி எழுதாமல் விட்டது என் குற்றம்.

அப்பா அலமாரியிலிருந்து தம் சொந்தக் குறிப்பேட்டை எடுத்து வந்தார். வெள்ளத்திற்கு முதல் நாள் இருட்டுவதற்குள் மூன்று முறை மழைமானியைக் கொட்டி அளந்திருந்தார். அதற்குப் பிறகு அதன் அருகே செல்ல முடியவில்லை. அந்த மூன்று அளவுகளைக் கூட்டினால், என் தாளில் அவ்வாண்டின் உச்சமாக இருந்த எண்ணைப்போல் மூன்று மடங்குக்கு மேல் வந்தது. அதுவும் முழு மழை அன்று; இதற்குக் குறையாது என்று மட்டுமே சொல்லக்கூடிய அளவு.

அலுவலகம் திரும்பி மற்ற நிலையங்களையும் சரிபார்த்தேன். வேறு சிலவற்றிலும் அதே நாள்கள் வெற்றிடமாக இருந்தன. அப்போதுதான் ஓர் உண்மை உறைத்தது. எண்கள் தற்செயலாகக் காணாமற்போவதில்லை. பெருவெள்ளம் வந்த நாளில்தான் மழைமானி அடித்துச் செல்லப்படுகிறது; அளப்பவர் வர முடியாமற்போகிறது. எந்த நாளை அறிவது மிகவும் முக்கியமோ, அந்த நாளே ஏட்டில் இல்லாமற்போகிறது. அதைப் பூஜ்யமாக எண்ணினால் பெருமழை இருந்த சுவடே கணக்கில் மறைந்துவிடும். வடிகாலும் சிறியதாகிவிடும்.

நான் மூன்று நாள் வாய் திறக்கவில்லை. பயிற்சிக் காலம், வேலை போய்விடுமோ என்ற அச்சம். நான்காம் நாள் ஒரு பக்கக் கடிதம் எழுதி மேலதிகாரியின் மேசையில் வைத்தேன். "முப்பது ஆண்டுக் கணக்கில் மூன்று நாள்தானே, என்ன குடிமுழுகிப் போய்விட்டது?" என்று கடிந்துகொண்டார். "அந்த மூன்று நாளில்தான் ஐயா குடி முழுகியது" என்றேன். துடுக்குத்தனமாக அப்படிச் சொல்லவில்லை. நான் பார்த்ததைச் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு அறிக்கையைத் திரும்பப் பெற்றார்.

கணக்கை மீண்டும் போட்டோம். இவ்வளவுக்குக் குறையாது என்று மட்டும் அறிந்த அளவுகளையும் முறையாகச் சேர்த்துக் கணிக்கும் வழி புள்ளியியலில் உண்டு, அதைக் கையாண்டோம். வடிகாலின் அளவு கூடிற்று, செலவும் கூடிற்று. என் பயிற்சிக் காலம் ஓராண்டு நீட்டிக்கப்பட்டது. அது நியாயமே. அந்த வடிகால் பின்னர் எத்தனை வீடுகளைக் காத்தது என்று என்னால் சொல்ல இயலாது. வீட்டுக்குள் வராத வெள்ளத்தை யாரும் அளப்பதில்லை. ஆனால் அந்த வழியாகச் செல்லும்போதெல்லாம் வண்டியை நிறுத்தி ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் போவேன்.

தென் துருவத்திலும் இதே பாடம்

என் பிழை சிறியது. உலகம் அறிந்த பெரிய நிகழ்ச்சி ஒன்றிலும் இதே பாடம் இருக்கிறது. அண்டார்டிகாவில் ஹேலி என்னும் பிரிட்டிஷ் ஆய்வு நிலையத்தில் 1950களிலிருந்து தலைக்கு மேலுள்ள ஓசோன் படலத்தை ஒரு பழைய கருவியால் அளந்து வந்தனர். 1980களில், ஒவ்வோர் அக்டோபரிலும் அளவு சரிந்துகொண்டே போயிற்று. பல ஆண்டுகளாக 300 அலகு அளவில் இருந்தது, 200 அலகு அளவிற்குக் குறைந்தது. ஜோசப் ஃபார்மன், பிரையன் கார்டினர், ஜோனதன் ஷாங்க்ளின் ஆகிய மூவரும் 1985 மே மாதம் நேச்சர் இதழில் இதை வெளியிட்டனர்.

அப்போது வானில் அமெரிக்காவின் நிம்பஸ் 7 செயற்கைக்கோளும் ஓசோனை அளந்துகொண்டிருந்தது. அதன் கணினி நிரல், 180 அலகுக்குக் கீழே வரும் எண்களை ஐயத்திற்குரியவை என்று குறியிட்டு ஒதுக்கி வைத்தது. ஏனெனில் அவ்வளவு குறைவான அளவை எவரும் கண்டதில்லை. கணினி அவற்றை அழித்துவிட்டது என்று சிலர் கதை சொல்வதுண்டு. அது உண்மையன்று. எண்கள் பத்திரமாக இருந்தன; அறிவியலாளர்களும் அவற்றைச் சரிபார்த்துக்கொண்டுதான் இருந்தனர். ஆகவேதான் ஹேலியின் செய்தி வெளியானதும் விரைவில் உறுதிசெய்ய முடிந்தது; ஓட்டை ஒரு கண்டத்தளவு விரிந்திருப்பதும் தெரிந்தது. 1987இல் மொண்ட்ரியால் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. குளிர்பதனப் பெட்டிகளிலும் தெளிப்பான்களிலும் பயன்பட்ட தீய வாயுக்கள் படிப்படியாக நிறுத்தப்பட்டன.

இதிலிருந்து அறிய வேண்டியவை இரண்டு. நம்ப முடியாத எண் வந்தால் உடனே நம்பவும் கூடாது. தூக்கி எறியவும் கூடாது. குறியிட்டு, பத்திரப்படுத்தி, காரணம் தேட வேண்டும்.

புகைமூட்டமும் அதன் எண்ணும்

நம் நாடுகளில் இத்துறை எல்லார் வாயிலும் அடிபட்டது 1997இல்தான். அவ்வாண்டு வலிமையான எல் நினோ வந்தது. இந்தோனேசியாவில் மழை பொய்த்தது. காடுகளும் கரிமண் நிலங்களும் எரிந்தன. செப்டம்பரில் சரவாக்கில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. கூச்சிங்கில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 800ஐத் தாண்டிற்று. 300ஐத் தாண்டினாலே அபாயகரம் என்பதை நினைவிற்கொள்க. சென்னையில் ராமானுஜனைக் கண்டெடுத்த அதே வாக்கர் கண்டறிந்த தென் அலைவுதான் பல்லாண்டுகளுக்குப் பிறகு நம் பிள்ளைகளின் நெஞ்சில் இருமலாக வந்து நின்றது. ஆனால் ஒன்று. அவ்வளவு வலிமையான எல் நினோ வந்தும், அவ்வாண்டு இந்தியாவில் பருவமழை பொய்க்கவில்லை. தொடர்பு உண்டு என்பதற்கும் தவறாமல் நடக்கும் என்பதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

அந்தக் குறியீட்டு எண்ணை எப்படிப் பெறுகிறார்கள் என்று பலர் என்னிடம் கேட்பதுண்டு. தூசி, ஓசோன், கந்தக வாயு முதலியவற்றைத் தனித்தனியே அளந்து, ஒவ்வொன்றையும் பொது அளவுகோலுக்கு மாற்றுகிறார்கள். பிறகு அவற்றின் சராசரியை எடுப்பதில்லை. எது மிகக் கூடுதலோ அதையே அறிவிக்கிறார்கள். ஏன்? வீட்டில் ஐவர் நலமாக இருந்து ஒருவருக்கு மட்டும் கடுங்காய்ச்சல் என்றால், வீட்டின் சராசரி வெப்பம் நலமே என்று மருத்துவரிடம் போகாமல் இருப்போமா? ஆபத்தைப் பற்றிய கணக்கில் சராசரி ஏமாற்றும்.

அளக்கும் பொருளும் மாறியிருக்கிறது. நுரையீரலின் ஆழம்வரை செல்லும் மிக நுண்ணிய தூசியைச் சிங்கப்பூர் 2014இலும் மலேசியா 2018இலும் குறியீட்டுக் கணக்கில் சேர்த்தன. ஆகவே 1997இன் எண்ணையும் இன்றைய எண்ணையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது சரியன்று. அளவுகோல் மாறியதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

நூறாண்டு வெள்ளம்

மற்றொரு குழப்பத்தையும் இங்கே தெளிவுபடுத்துகிறேன். 2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கை வெள்ளம் சூழ்ந்தபோது, நூறாண்டுக்கு ஒருமுறை பெய்யும் மழை என்ற பேச்சு எங்கும் எழுந்தது. "அப்படியானால் இனி நம் காலத்தில் வராது" என்று ஒரு நண்பர் நிம்மதிப் பெருமூச்சு விட்டார். அது தவறு.

நூறாண்டு வெள்ளம் என்றால், எந்த ஓர் ஆண்டிலும் அது வர நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதே பொருள். சென்ற ஆண்டு வந்தது என்பதற்காக இவ்வாண்டு அது விலகிப் போகாது. முப்பது ஆண்டுக் கடனில் வீடு வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஆண்டு தப்பிக்கும் வாய்ப்பு 0.99. முப்பது ஆண்டும் தப்ப, 0.99ஐ முப்பது முறை பெருக்க வேண்டும், ஏறத்தாழ 0.74 வரும். அதாவது கடன் முடிவதற்குள் அந்த வெள்ளத்தை ஒரு முறையேனும் காணும் வாய்ப்பு 26 விழுக்காடு. நான்கில் ஒன்றுக்குச் சற்று மேல். அதுவும் தட்பவெப்பம் மாறாமல் இருந்தால்தான். உலகம் வெப்பமாகி வருவதால், பழைய மழைக்கணக்கை அப்படியே வருங்காலத்திற்குப் பொருத்த முடியாத நிலையும் வந்துவிட்டது. வீடு வாங்குமுன் விலையை விசாரிப்பதுபோல் நிலத்தின் தாழ்வையும் விசாரியுங்கள்.

மாணவர்களுக்கு

இத்தொழிலுக்கு வர விரும்பும் மாணவர்கள் மூன்றைக் கற்க வேண்டும். முதலாவது, நிகழ்தகவும் புள்ளியியலும். சூத்திரத்தை மனனம் செய்வது போதாது. எதற்கு எந்தக் கணக்கு என்று அறிய வேண்டும். இரண்டாவது, ஒரு கணினி மொழி. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இகாக்கா, ராபர்ட் ஜென்டில்மேன் ஆகிய இருவரும் 1990களில் உருவாக்கிய ஆர் என்னும் மொழியை எவரும் இலவசமாகப் பெறலாம், பைத்தானும் அவ்வாறே. நான் கணினியைத் தொட வரிசையில் காத்திருந்தவன். உங்களுக்கு அது வீட்டு மேசையிலேயே இருக்கிறது. மூன்றாவது, வேதியியல், உயிரியல், நிலவியல் இவற்றுள் ஒன்றிலாவது நல்ல பழக்கம். ஆற்றை அறியாதவன் ஆற்றின் எண்ணை அறிய மாட்டான். சேற்றில் இறங்கி நீர் மொள்ளத் தயங்காதவனே இதில் சிறப்பான்.

ஆர் மொழியில் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு. வெற்றிடத்திற்கு அதில் என்.ஏ. என்ற தனிக் குறி இருக்கிறது. வெற்றிடம் கலந்த எண்களுக்குச் சராசரி கேட்டால், அந்த மொழி விடை தராது; மீண்டும் என்.ஏ. என்றே காட்டும். விடுபட்டதை என்ன செய்வது என்று நாம் வாய்திறந்து சொன்ன பிறகே கணக்குப் போடும். முதன்முறை அதைக் கண்டபோது, புல்வெளியில் குவளையை உயர்த்திப் பிடித்து நின்ற என் தந்தையார்தான் கண்முன் வந்தார். "இரண்டும் ஒன்றில்லை" என்று அவர் சொன்னதை ஒரு கணினி மொழியே ஒப்புக்கொண்டுவிட்டது. அதைக் காண அவர் இல்லை. 1992இல் இறையடி சேர்ந்தார்.

நிறைவாக

இந்த மலரை வாசிக்கும் நன்கொடையாளர்களுக்கு ஒரு சொல். தோட்டந்தோறும் என் தந்தையாரைப் போன்ற கிராணிமார் நாள் தவறாமல் மழையை அளந்து எழுதினார்கள். அந்த எண் யாருக்கு, எப்போது, எதற்குப் பயன்படும் என்று அவர்களுக்குத் தெரியாது. தெரியாமலேயே சரியாக எழுதினார்கள்; தெரியாத இடத்தைப் பொய்யால் நிரப்பாமல் விட்டார்கள். அவர்கள் எழுதியவற்றின் மேல்தான் இன்றைய பாலங்களும் வடிகால்களும் நிற்கின்றன. என் தேர்வுக் கட்டணத்தைக் கட்டிய பெரியவர்களும் அப்படித்தான் கொடுத்தார்கள். அவர்கள் பெயர்கூட முழுமையாக எனக்குத் தெரியாது.

அன்பர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் வீட்டில் தோட்டத்துக் காலத்துப் பேரேடு, நாட்குறிப்பு, மழைக்கணக்கு எதுவும் இருந்தால், பழைய காகிதம் என்று எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பிள்ளைகளிடம் கொடுத்து, ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். வெற்றிடமாக விட்ட கட்டங்களையும் சேர்த்தே எடுக்கச் சொல்லுங்கள்.